அம்மா பொறுக்கச் சொல்லவில்லை

டுலூத், ஜனவரி 8

அன்புள்ள கிறிஸ்டாவுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், நீயும் பேரன் ஓவனும் அந்த வெயில் ஊரில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வாரம் முழுக்கப் பனி. கார் பாட்டரி குளிரில் உயிரை விட்டது, பக்கத்து வீட்டு கோர்டன் தன் காரிலிருந்து கம்பி போட்டுக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை பீர் பாட்டிலோடு கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இதையெல்லாம் செவ்வாய்க்கிழமையே போனில் சொன்னாரே இந்த மனுஷன் என்று நீ நினைப்பாய். ஆமாம், சொன்னேன். வேறொன்றைச் சொல்லத்தான் அன்று உன்னைக் கூப்பிட்டேன், தைரியம் வராமல் பாட்டரியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம், அதனால்தான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது வழக்கம்போல் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுக்களை மேசைமேல் வைத்திருந்தேன், அம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். நீ கேட்டாய், அம்மா, நான் இந்த வருஷமே ஸ்பீச் தெரபி படிப்புக்கு விண்ணப்பம் போடட்டுமா, இல்ல ஓவன் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் பொறுக்கட்டுமா, நீ சொல்றதைத்தான் கேக்கப் போறேன்னு. நாற்பத்து நான்கு வயதில் ஒரு பெண் தன் தாயிடம் இப்படிக் கேட்பது சின்ன விஷயமில்லை. அம்மா இடதுகையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு "நீ... நீ..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு போனைப் பார்த்து, பொறுக்கச் சொல்றா அம்மா, இந்த வருஷம் வேண்டாம்னு நினைக்கிறா என்றேன். நீ, சரிப்பா, அம்மாவே சொல்லிட்டா அப்புறம் என்ன, சிபாரிசுக் கடிதம் இப்ப வேண்டாம்னு பேராசிரியர்கிட்ட சொல்லிடறேன் என்றாய். அப்போது மேசையில் தட்டுகிற சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். அம்மாவுக்குக் களைப்பு என்று நான் உன்னிடம் சொன்னேன். அது களைப்பில்லை கிறிஸ்டா. அவள் பொறுக்கச் சொல்லவும் இல்லை. அந்த வார்த்தைகள் முழுக்க என்னுடையவை.

அன்றைக்கு எனக்கே அது தெரியவில்லை என்று சொன்னால் நம்புவாயா என்று தெரியவில்லை, நம்பாவிட்டாலும் உன்மேல் குறை சொல்ல மாட்டேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்காகப் பேசிப் பேசி, எங்கே அவள் நின்று எங்கே நான் தொடங்குகிறேன் என்பதே மறந்துபோயிருக்கிறது. மளிகைக் கடையில், டாக்டரிடத்தில், மாதாகோயிலில் ஆராதனை முடிந்து கீழ்த்தளத்தில் காப்பி குடிக்கும் இடத்தில், எல்லா இடத்திலும் கேள்வி அவளுக்கு வரும், பதில் என்னிடமிருந்து போகும். அவள் எதிரே இருப்பவரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருப்பாள், அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. உதவி என்றே நினைத்தேன். ஸ்பீச் தெரபிஸ்ட் ரோண்டா வாராவாரம் சொல்வாள், ஆர்விட், கேள்வி கேட்டாச்சுன்னா ரெண்டு கையையும் முழங்கால்மேல வைங்க, வாயை மூடுங்க, காத்திருங்க, அவ்வளவுதான் உங்க வேலைன்னு. அவள் இருக்கும்போது ஒழுங்காகச் செய்வேன். நாற்பது வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவன், அமைதியாக இருக்கத் தெரியாதா என்று எனக்குள் ஒரு பெருமைகூட. அவளுடைய கார் தெருமுனை திரும்பியதும் மறுபடி பழைய கதைதான்.

திங்கட்கிழமை முழுக்க அம்மா என்னைப் பார்க்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். வாயில் ஒரு வார்த்தை வராதவளுக்குக் கெட்ட வார்த்தை மட்டும் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பது உனக்குத் தெரியும், அன்று எனக்கு இரண்டு கிடைத்தன. மருந்து மாற்றியதால் இருக்குமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் காலை ரோண்டா வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அம்மா போனைக் காட்டினாள், தன் வாயைக் காட்டினாள், பிறகு என்னைக் காட்டினாள், திரும்பத் திரும்ப. ரோண்டா என் பக்கம் திரும்பி என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். இரண்டு காகிதத்தில் பெரிய எழுத்தில் ஒன்றில் இப்போது என்றும் ஒன்றில் அப்புறம் என்றும் எழுதி அம்மா முன்னால் வைத்து, மார்லிஸ், கிறிஸ்டா எப்ப விண்ணப்பம் போடணும்னு கேட்டாள். அம்மாவின் கை இப்போது என்பதன்மேல் போய் விழுந்தது. காகிதங்களை இடம் மாற்றி வைத்துக் கேட்டாலும் அங்கேதான். பிறகு வேறு இரண்டு காகிதத்தில் எங்கள் பெயர்களை எழுதி, அப்ப பொறுக்கணும்னு சொன்னது யாரு என்றாள். அம்மா என் பெயரை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். ரோண்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அம்மாவுக்கும் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அன்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், தெரியாத பதிலைச் சொல்ல வேண்டியிருந்தபோது ஏன் அந்தப் பதிலைச் சொன்னேன், போடச் சொல்கிறாள் என்றும் சொல்லியிருக்கலாமே. பயம், முதலில். உன் பிள்ளை வயதுள்ளவர்களோடு நீ ஒரு வகுப்பில் உட்கார்ந்து உடற்கூறு படிப்பதையும், இடம் கிடைக்கவில்லை என்று பதில் வருவதையும் நினைத்தே பயந்தேன். உனக்கு அந்தப் பயம் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. இன்னொன்றும் இருக்கிறது, எழுதக் கூசுகிறது. இந்த வருஷம் போடாவிட்டால் ஜூலையில் வந்து ஒரு மாதம் எங்களோடு இருப்பேன் என்று நீ கிறிஸ்துமஸ் சமயம் சொன்னாய். அது என் மனசில் உட்கார்ந்திருந்தது. எனக்கு நீ வேண்டியிருந்தது. அதை என் வாயால் கேட்கத் துணிச்சல் இல்லாமல் பேச முடியாதவள் பெயரில் கேட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் நீ உடனே, பரவாயில்லைப்பா என்று சொல்லிவிடுவாய், அதனால் இன்றைக்குக் கேட்கவில்லை. முதலில் விண்ணப்பம் போகட்டும்.

பதினைந்தாம் தேதி கடைசி நாள் என்று சொல்லியிருந்தாய். பேராசிரியரிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வெட்கப்படாமல் மறுபடி கேள், என் அப்பா ஒரு கிறுக்கன் என்று சொல், உண்மைதானே. கல்லூரியில் அந்த ஒரு வருஷம் வாங்கிய மட்டமான மதிப்பெண்களைப் பற்றி விளக்கம் எழுதி மன்னிப்புக் கேட்காதே, இத்தனை வருஷம் கழித்து ராத்திரி வகுப்பில் நீ வாங்கியதை அவர்கள் பார்க்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் வீடு எரிந்தவர்களும் கார் நொறுங்கியவர்களும் போனில் அழுவதைக் கேட்டவள் நீ, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேசியதில்லை என்று உன் மேலாளரே சொன்னாரே, அதை எழுது. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ரோண்டாவும் நாற்பத்தொரு வயதில்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தாளாம், அதற்கு முன் தபால் வண்டி ஓட்டினாளாம். முதல் நாள் வகுப்பில் போய் நின்னதும் ஒரு பொண்ணு, மேடம், இன்னிக்குப் பாடம் எடுப்பீங்களா இல்ல சீக்கிரம் விட்டுடுவீங்களான்னு கேட்டா, நானும் சும்மா, விட்டுடறேன் போன்னுட்டேன், பாதி வகுப்பு எழுந்து போயிடுச்சு என்றாள். அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். இதை உன்னிடம் சொல்லச் சொன்னாள் ரோண்டா.

இதுவரை எழுதியதை இன்று மதியம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஜூலை விஷயத்தையும் விடவில்லை. முடித்துவிட்டு, அனுப்பட்டுமா என்று கேட்டு, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காப்பி ஆறிப்போனது. வெளியே பனி அள்ளும் வண்டி தெருவின் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. அவள் தலையாட்டினாள், பிறகு "ச... ச..." என்று ஏதோ வந்தது. சரி என்கிறாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் "சர்க்கரை" என்றாள். கோப்பையைக் காட்டினாள். அவளுக்குச் சர்க்கரை வேண்டாம் என்று மாதாகோயிலில் எல்லோரிடமும் நான்தான் சொல்லி வைத்திருந்தேன், பக்கவாதம் வந்த இலையுதிர் காலத்திலிருந்து கசப்புக் காப்பியைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு கரண்டி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடு. போனை அம்மா முன்னால் வைத்துவிட்டு நான் பனி அள்ளப் போய்விடுவேன், கதவையும் சாத்திக்கொள்வேன். உன் கேள்வியை மறுபடி அவளிடமே கேள். உனக்கும் ஓவனுக்கும் எங்கள் இருவருடைய ஆசிகளும், அம்மாவின் ஆசியை அவளே சொல்லுவாள். மறந்துவிடாதே, நீ கேட்ட பிறகு அந்தப் பக்கம் நெடுநேரம் ஒன்றும் கேட்காது. ஹலோ ஹலோ என்று கூப்பிடாதே, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. அங்கே உன் அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆர்விட் லிண்ட்ஹோம்