வீட்டிலிருந்து ஓர் ஆள்

ஜூலை 8, திங்கள்

மதிப்புக்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் என் பேத்திக்கு அநியாயம் நடந்திருக்கிறது. அவள் தப்பு செய்தாள்; தண்டனை கிடைக்கவில்லை. கிடைக்க விடாமல் தடுத்தவர் தாங்கள்.

நேரில் வந்து நாலு பேர் காதில் விழும்படி கேட்டிருப்பேன். தங்கள் அறை வாசலில் ‘புகார்கள் எழுத்தில் மட்டுமே’ என்று பலகை தொங்குவதால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுக்கவும். தங்கள் அளவுக்கு நான் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை என்பது தங்களுக்கே தெரியும்.

போன வியாழக்கிழமை எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் வீட்டுப்பாடத்தைக் கேட்டிருக்கிறார். இலை தனக்கு வேண்டிய உணவை எப்படித் தயாரிக்கிறது என்று படம் வரைந்து எழுத வேண்டும். என் பேத்தி ஒரு கோடுகூடப் போடவில்லை. அது ஒரு தப்பு. ஏன் என்று கேட்டதற்கு, “ஹெட்மாஸ்டர் எங்க சின்னத் தாத்தா. அவர்கிட்ட கேட்டுக்கோங்க மிஸ்” என்று சொல்லியிருக்கிறாள். இது அதைவிடப் பெரிய தப்பு.

தங்கள் பள்ளிச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையும் வகுப்பில் வாலாட்டிய பிள்ளையும் கடைசி மணி அடித்த பிறகு ‘மீதி மணி’யில் உட்கார்ந்து வேலையை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து, அதே பெஞ்சில், வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அடி கிடையாது, திட்டும் கிடையாது. இதைக் கண்டுபிடித்தவர் தாங்கள். கண்டுபிடித்த அன்றைக்குச் சந்தோஷத்தில் என் வீட்டுக் கூடத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தவரும் தாங்கள்தான்.

டீச்சர் சீட்டு எழுதித் தங்கள் கையெழுத்துக்கு அனுப்பினார். தாங்கள் ‘இம்முறை விட்டுவிடவும்’ என்று எழுதித் திருப்பிவிட்டீர்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும்? இன்று காலை பஸ் டிரைவர் ஒருவர் கடைக்கு வந்தார். அவர் மகனும் அதே வகுப்பு.

“பெரியவரே, உங்க வீட்டுக்குன்னு தனிச் சாவி ஒண்ணு இருக்காமே. எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வெட்டிக் குடுங்க” என்றார்.

“எந்தப் பூட்டுக்கப்பா?”

“ஸ்கூல் பூட்டுக்கு. நான் ஷிப்டை மாத்திக்கிட்டு அரக்கப்பரக்க ஓடி வந்து என் பையன் பக்கத்துல உட்கார்ந்தேன். உங்க பேத்திக்கு மட்டும் கதவு தானா திறக்குது. இனிமே நானும் வரல, எங்க தெருவுல ஒருத்தரும் வரல. உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க.”

கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள். தங்களிடம் இருந்தால் எழுதவும்.

இப்படிக்கு,
பூட்டுக்கடைக்காரர்
(எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா)

பின்குறிப்பு: மதியச் சாப்பாடு வழக்கம்போல் பேத்தி கையில் வரும். அது உன் அண்ணி உனக்கு அனுப்புவது. எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.


ஜூலை 9, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

‘தாங்கள்’ என்று படித்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து உங்களிடம் ‘டேய்’ கேட்டு வளர்ந்தவன் நான். இது வலிக்கிறது.

நம் வாலு செய்தது தப்புதான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஆனால் சீட்டில் கையெழுத்துப் போட்டால் யார் வருவார்கள்? அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்டு முடியவே ஆறு மணி ஆகிறது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அண்ணியால் மாடிப்படி ஏற முடியாது. மிச்சம் நீங்கள். கடையைப் பூட்டிவிட்டு, முட்டி வலியோடு, பிள்ளைகள் உட்காரும் அந்தக் குட்டிப் பெஞ்சில் எப்படி உட்காருவீர்கள்? முதல் தடவைதானே என்று விட்டேன்.

டிரைவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாம் இல்லையா?

உங்கள் தம்பி


ஜூலை 10, புதன்

தலைமை ஆசிரியருக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.

என் முட்டியை வைத்துத் தப்பிக்கப் பார்க்காதே. அந்த வலி போன மழையோடு போயிற்று. நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்து பூட்டுப் பார்க்கிறவனுக்குப் பெஞ்சு ஒரு பெரிய விஷயமா?

நீ அவளை விட்டுவிட்டதாக நினைக்கிறாய். என்ன நடக்கிறது தெரியுமா? நேற்றுச் சாயங்காலம் அவள் தனியாக நடந்து வந்தாள். எப்போதும் நாலைந்து பேராகக் கத்திக்கொண்டு வருவார்கள், அந்தச் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும்.

“எங்கடி உன் பட்டாளம்?”

“அவங்க என்கூட வர்றதில்ல தாத்தா.”

“ஏன்?”

“என்னைப் பார்த்தாலே ‘எல்லாரும் எழுந்து நில்லுங்க, ஹெட்மாஸ்டர் வர்றாங்க’ன்னு கத்துறாங்க.”

“கத்தட்டும். அதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?”

“அது பரவாயில்ல தாத்தா. மிஸ் இப்ப வீட்டுப்பாடம் எல்லார்கிட்டயும் கேக்கறாங்க. என் இடம் வந்தா மட்டும் கேக்காம தாண்டிப் போயிடறாங்க. இன்னிக்கு நான் எழுதிட்டுத்தான் போயிருந்தேன். கையை நீட்டிக்கிட்டே நின்னேன். வாங்கவே இல்ல.”

அந்தப் பெண் ஒரு கல்லா, தூணா, தாண்டிப் போவதற்கு? கேட்காமல் விடுவது சலுகை இல்லை தம்பி. அவளை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பியதற்குச் சமம். நாற்காலி மட்டும்தான் உள்ளே இருக்கிறது.

கடைசியில் அவளே கேட்டாள்: “தாத்தா, என்னையும் மீதி மணியில உட்கார வைக்கச் சொல்லுங்களேன்.”

தண்டனை கொடு என்று ஒரு பிள்ளை கெஞ்சும்படி ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துகிறாய். நன்றாக இருக்கிறது. இப்போது உண்மைக் காரணத்தை எழுது. முட்டி, படி, ஷிப்டு எல்லாம் வேண்டாம்.

பூட்டுக்கடைக்காரர்


ஜூலை 10, புதன் மாலை

அண்ணா,

காலிப் பாத்திரத்தோடு இதை வாலுவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. டீச்சர் கேட்காமல் தாண்டிப் போவது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

உண்மைக் காரணம் இதுதான். அப்பா போன பிறகு வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலைமை. நீங்கள் பூட்டுப் பட்டறைக்குப் போனீர்கள், நான் பள்ளிக்கூடம் போனேன். இப்போது அந்தச் சீட்டில் நான் கையெழுத்துப் போட்டால், உங்களைத் தப்பு செய்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். “வாய் திறக்காதீங்க பெரியவரே” என்று நேற்று வேலைக்கு வந்த டீச்சர் உங்களிடம் சொல்லுவார். என் அண்ணனுக்கு என் கையாலேயே அப்படி ஒரு நிலைமையா? பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

உங்கள் தம்பி


ஜூலை 11, வியாழன்

டேய்,

இதுதானா! இதற்கா இத்தனை நாள் மூடி மறைத்தாய்!

எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாய். உன்னைத் தினமும் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விட்டு, உள்ளே நீ போவதைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு ஓடியவன் நான். நீ படித்துக் கழித்துப் போட்ட புத்தகங்களில் தட்டுத்தடுமாறி எழுத்துக் கற்றுக்கொண்டவன். உன் பள்ளிக்கூடத்தில் நான் பூட்டுப் போடாத கதவு கிடையாது. ஆனால் ஒரு வகுப்பு நடக்கும்போது அந்தக் கதவுக்கு உள்ளே நான் இருந்ததே கிடையாது. இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு சீட்டு வருகிறது: ‘வந்து பெஞ்சில் உட்காரவும்.’ அதைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டாயே பாவி!

டீச்சர் என்னை வாயை மூடச் சொல்லுவாரா? சொல்லட்டும்! ஒரு தடவையாவது ஒரு டீச்சர் என்னிடம் சொல்லட்டும்!

அந்தச் சீட்டில் இன்றைக்கே கையெழுத்துப் போடு. நாளை நாலு மணிக்கு வருகிறேன். சட்டை இஸ்திரிக்குக் கொடுத்தாயிற்று. “கல்யாணத்துக்கா போறீங்க?” என்று உன் அண்ணி கேட்கிறாள். கல்யாணத்துக்குக்கூட நான் இப்படித் துடித்ததில்லை.

அண்ணன்


ஜூலை 12, வெள்ளி

தம்பிக்கு,

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமைச் சாப்பாட்டுக்கூடை வரை பொறுக்க முடியாது. நாளைக் காலையில் பேத்தியே உன் வீட்டில் கொண்டுவந்து தருவாள்.

நாலு மணிக்கு முன்னாலேயே போய்விட்டேன். கதவில் என் பூட்டு, கொஞ்சம் எண்ணெய் கேட்கிறது. எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது பெஞ்சு. முட்டி இடித்தது, உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன், சொல்லிவிட்டேன். முன்னால் இரண்டு பையன்கள், ஒருவன் பக்கத்தில் அவன் அக்கா, இன்னொருவன் பக்கத்தில் அவன் மாமா, மாமாவுக்குக் கொட்டாவி. டீச்சர் உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

நம் பெண் முதலில் டீச்சரிடம் போய், “அன்னிக்கு அப்படிப் பேசினது தப்பு மிஸ்” என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டீச்சர், “சரி, உட்கார்ந்து எழுது. முடிச்சதும் நான் பார்ப்பேன்” என்றார். ‘பார்ப்பேன்’ என்று அவர் சொன்னதும் இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

எழுத ஆரம்பித்தாள். இலையை அழகாக வரைந்தாள். அப்புறம் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். எனக்குப் பொறுக்குமா? குனிந்து, “வேர்தான் மண்ணிலேருந்து சாப்பாட்ட எடுத்து மேல அனுப்புது. இலை அத வாங்கிச் சாப்பிடுது. அப்படியே எழுது” என்றேன்.

“தப்பு தாத்தா. சும்மா இருங்க.”

“என்னடி தப்பு? நாப்பது வருஷமா கடை வாசல்ல மரத்தப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“வேர் தண்ணிதான் எடுக்கும். வெயில வெச்சு இலைதான் சமைக்கும். எனக்குத் தெரியும், நீங்க பேசாதீங்க!”

“வெயில வெச்சுச் சமைக்குதாம்! டீச்சரையே கேப்போம் வா” என்று நான் கையைத் தூக்கிவிட்டேன். முன்னால் இருந்த மாமா தூக்கம் கலைந்து சிரித்தார். பையன்கள் இருவரும் பெஞ்சைத் தட்டினார்கள்.

டீச்சர் வந்தார். சின்னப் பெண், நம் மகளைவிடச் சின்னவள். “பெரியவரே, இங்க பேசக் கூடாது. விடையும் சொல்லிக் குடுக்கக் கூடாது. அதுவும் தப்பான விடை” என்றார். அப்புறம் இவள் எழுதி முடித்ததும் நோட்டை வாங்கிப் பார்த்து, “பாப்பா சரியா முடிச்சுட்டா, அவ போகலாம். நீங்க வகுப்பைக் கலைச்சுட்டீங்க. உங்க பேருக்குச் சீட்டு எழுதறேன்” என்றார்.

என் பேருக்கு! தம்பி, எனக்கு ஒரு சீட்டு!

நீ வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாய். உன் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா? சீட்டு உன் மேசைக்குத்தான் வரும். இந்த முறை என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

அண்ணன்

பின்குறிப்பு: வெளியே வந்தால் அவள் பட்டாளம் கேட்டில் காத்திருக்கிறது. “உங்க தாத்தாவுக்கே சீட்டாமே!” என்று ஒரே கூச்சல். தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னை ஒருத்தரும் கவனிக்கவில்லை.


ஜூலை 15, திங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

சீட்டு வந்தது. காரணம் என்ற இடத்தில் டீச்சர் ‘வகுப்பில் பேசினார், தவறான விடை சொல்லிக்கொடுத்தார், எதிர்த்தும் வாதாடினார்’ என்று எழுதியிருக்கிறார். பேனாவை எடுத்தேன். கை வந்தது.

கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாளை நாலு மணி.

உங்கள் தம்பி


ஜூலை 15, திங்கள் மாலை

தம்பிக்கு,

சீட்டு கிடைத்தது. கடையில் எல்லோருக்கும் காட்டினேன். டிரைவர் வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “நாளைக்கு நானும் வர்றேன் பெரியவரே. எப்படியும் என் பையன் கணக்கு எழுதியிருக்க மாட்டான்” என்றார். அவர் தெருவிலும் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். சீட்டின் கீழே அச்சில் இருக்கிறது: ‘வீட்டிலிருந்து ஓர் ஆள் உடன் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும்.’ வயதானவர்களுக்கு விலக்கு என்று எங்கேயும் போடவில்லை. எனக்கு ஆள் யார்? மகளுக்கு ஷிப்டு, மருமகன் ஊரில் இல்லை. “நீங்க பண்ணின கூத்துக்கு நான் எதுக்குப் படியேறணும்?” என்கிறாள் உன் அண்ணி. பேத்தி சின்னவள், அவள் கணக்கில் வர மாட்டாள்.

என் வீட்டு ஆள் என்று மிச்சம் இருப்பது நீதான்.

ஆகவே நாளைக்குச் செய்ய வேண்டியவை:

டீச்சர், எங்கள் பெண்ணிடம் மற்றவர்களிடம் கேட்பது போலவே வீட்டுப்பாடம் கேட்க வேண்டும். தினமும்.

பேத்தி, தன் வேலையை முடித்துவிட்டுத் தன் பட்டாளத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஜன்னலில் நின்று எங்களை வேடிக்கை பார்க்கக் கூடாது.

டிரைவர், அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிக்காமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணி, சாப்பாட்டுக்கூடையில் எண்ணெய்ப் புட்டியும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தப் பூட்டு கிறீச்சிடுகிறது.

நான், இலைப் பாடத்தை முதலிலிருந்து எழுதி, டீச்சரிடம் காட்ட வேண்டும்.

நீ, நாலு மணிக்கு உன் அறையைப் பூட்டிவிட்டு, அந்த ‘விட்டுவிடவும்’ சீட்டையும் எடுத்துக்கொண்டு, மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அந்தச் சீட்டு நீ செய்த தப்பு; அதற்கு உனக்கு வீட்டிலிருந்து வந்த ஆள் நான். வாய் திறக்கக் கூடாது. நான் தடுமாறினாலும் விடை சொல்லித் தரக் கூடாது.

உன் அண்ணன்