மூன்று சோதனை, இரண்டு பதில்

2009 ஜூலை 6, திங்கள்
விடாத மழை. குலசேகரம் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாதச் செக்கப். எச்.ஐ.வி.யும் பார்த்தார்கள், கர்ப்பிணிகள் எல்லாருக்கும் பார்ப்பதாம். ஆலோசகர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். மூன்று சோதனை. இரண்டில் காட்டுகிறது, ஒன்றில் இல்லை.
“இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதும்மா. ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் பாக்கணும். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க.”
மீன் வாங்க மறந்துபோச்சு.

ஜூலை 7
ஸ்டீபனிடம் சொன்னேன். ஈஸ்டருக்குக் கத்தாரிலிருந்து வந்தவர். லீவு முடிந்தும் போகவில்லை, கம்பெனி மூடிவிட்டதாம். “தப்பா காட்டியிருக்கும். யாருகிட்டயும் சொல்லாத.” கூட வரமாட்டாராம்.

ஜூலை 9
நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்கிறார், தன் அம்மாவிடம். மாமி என் துணியைத் தனியே ஒதுக்கிப் போட்டாள்.
“எவன்கிட்டேருந்து கொண்டு வந்தியோ! என் பிள்ள அங்க வெயில்ல கெடந்து வெந்தான், நீ இங்க...”
ஸ்டீபன் பக்கத்தில்தான். பேப்பரிலிருந்து தலை நிமிரவே இல்லை.

ஜூலை 11, சனி
தக்கலையில் தனியார் லேப். ‘இல்லை’ என்று ரிசல்ட். கர்த்தாவே! ஓடிவந்து நீட்டினேன். அவருக்கு முகம் மலரவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.
“இத நம்பாத ஏட்டி. எனக்கும் முதல்ல இல்லன்னுதான் வந்தது.”
எங்கே? எப்போது?
கத்தாரில், கம்பெனி மெடிக்கலில். அடுத்த சோதனையில் ‘இருக்கு’. விசாவை ரத்து செய்து பிளேன் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கம்பெனி மூடவே இல்லை.
“சொன்னா நீ போயிருவன்னு பயந்தேன்.”
“அப்பம், ஊருக்கு வந்ததும் பிள்ள வேணும்னு கேட்டது யாரு?”
அழுதார். நான் அழவில்லை.

ஜூலை 13
சோறு வடித்தேன். துவைத்தேன். அவனோடு பேச்சில்லை. மாமி இன்னும் என்னைத்தான் ஏசுகிறாள். அவன் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

ஜூலை 21, செவ்வாய்
தனியாகத்தான் போனேன். மூன்றிலும் காட்டுகிறது. புதிதாய்த் தொற்றினால் முதலில் அப்படித்தான் மாறி மாறி வருமாம், லேப்காரர்களுக்கு அது பிடிபட்டிருக்காது என்றார் ஆலோசகர். பிள்ளைக்கு?
“மருந்து இருக்கும்மா. ஒழுங்கா சாப்பிட்டா பிள்ளைக்கு வராம பெரும்பாலும் தடுத்துரலாம்.”
அதை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.
வீட்டு வாசலிலேயே மாமி. “என்னட்டி சொன்னாவ?”
“உங்க மகன்கிட்ட கேளுங்க மாமி. எல்லாம் தெரிஞ்சுதான் பிளேன் ஏறியிருக்காரு.”
“மக்கா, இவ என்ன சொல்லுகா?”
அவன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.