கைலி மறைத்த முழங்கால்

மார்ச் 3, திங்கள்
காலையிலிருந்து மழை. செமோர் மலையே தெரியவில்லை. வலது முழங்கால் வீக்கம். வாசல் படி ஐந்தும் கைப்பிடியைப் பிடித்துத்தான். மகள் சாந்தி போனில் பழைய பல்லவி: "அடுத்த மாசமும் படி ஏற முடியலன்னா, வீட்ட பூட்டிட்டு ஈப்போவுக்கு வந்துருங்கப்பா."
ரப்பர் தோட்டம் மூடியபோதே போகாதவன். இப்போதா போவேன்?

பத்து மணிக்குப் போன் வீடியோவில் ஆஸ்பத்திரி பிஸியோ பெண் தேவி. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும்.
"கைலிய தூக்கிக் கட்டுங்க அங்கிள், முட்டி தெரியல."
பேத்தி வயதுப் பெண் முன்னாலா? முடியாது என்றேன்.
"சரி லா, செய்ங்க." செய்தேன். "பாகுஸ் அங்கிள், நல்லா செய்றீங்க!"

மார்ச் 5
வாங்க: உப்பு, தேயிலை, கோழித் தீவனம்.
மூன்று வாரமாகப் போனில் பாராட்டு, காலில் வீக்கம். தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம்? நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7
வெயில். ஈப்போ பஸ்ஸில் காலை நீட்ட இடமில்லை. டவுனுக்கு என்பதால் கைலிக்குப் பதில் சிலுவார். ஆஸ்பத்திரியில் தேவியே அதை முட்டிக்கு மேல் சுருட்டினாள். பாதி உட்காருவதற்குள் கட்டைவிரலால் முட்டியைப் பிடித்து நிறுத்தினாள்.
"உள்பக்கம் சாயுது அங்கிள்! குதிகாலும் தூக்குது. வீட்லயும் இப்படித்தானா?"
"நீதானே பாகுஸ்னு சொன்ன?"
"நான் கைலியத்தானே பார்த்தேன்!"
பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்தாள். "அண்ணே, இத்தன நாளும் கைலிக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கு."

முப்பது வருடம் பால்மரத்தடியில் அப்படித்தான் குந்தினேன். கங்காணி மரத்து வெட்டைப் பார்த்தான், காலைப் பார்த்ததில்லை.
தேவி முட்டியை வெளியே திருப்பிப் பிடித்தாள். எழுந்தேன். வலி இல்லை.
"வாரா வாரம் வருவீங்களா?"
சுருட்டிய சிலுவாரை இறக்கிவிட்டு, திரும்பும் பஸ் நேரம் கேட்டேன்.

மார்ச் 8
பஸ் ஆட்டத்தில் மறுபடி வீக்கம். அந்தக் கை வேண்டும், அந்தப் பயணம் ஆகாது. இனி போன்தான். போனிடம் தோற்றதாக மட்டும் எழுத மாட்டேன்.

மார்ச் 10
தூறல். பெட்டி அடியில், அந்நாளில் பால் வெட்டப் போட்ட அரைக்கால் சிலுவார். பால்கறை. பொத்தான் எட்டவில்லை, கயிற்றால் கட்டினேன். போனை அரிசி டின்னில் சாய்த்தேன்.
"முட்டி தெரியுதா?"
"தெரியுது. ஐயோ அங்கிள், அந்த சிலுவார்..."
"சிரிக்காத. பாகுஸும் சொல்லாத. தப்ப மட்டும் சொல்லு."
"சாயுது."
அன்று அவள் கட்டைவிரல் வைத்த இடத்தில் என் கையை வைத்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

மார்ச் 21
மழை விட்டது. கைப்பிடி தொடாமல் இரண்டு படி. மூன்று பாக்கி. அதையும் ஏறிவிட்டுத்தான் சாந்திக்குச் சொல்வேன்.