இருநூறு அடியில் ஒரு வேப்பிலை

12.2.79, திங்கள்
கல்லூரியில் பாடம் நடத்தி முடித்ததும் அடி அண்ணாமலை கிராமம். வேடியப்பன் நிலத்தில் போட்ட போர்வெல்லில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவருக்கு நட்டம், எனக்கு அதிர்ஷ்டம் - அளக்க ஒரு குழி கிடைத்ததே. கம்பி நுனியில் வெப்பமானியைக் கட்டி இருநூறு அடி இறக்கினேன். ஒரு டிகிரிகூட ஏறவில்லை. இந்த மண்ணுக்கடியில் மின்சாரம் எடுக்கும் அளவுக்குச் சூடு உண்டு என்று சொல்லி ஆய்வுக்குப் பதிந்தவள் நான். ஏப்ரலுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கோதண்டராமன், "மலையே நெருப்புன்றாங்க. அத்த அளந்து வேற பாக்கணுமா?" என்கிறார்.

14.2.79
வேடியப்பன் மனைவி தங்கம்மாள் மோர் கொடுத்தாள். என் வயதுதான். "சூடு இல்லன்னா என்னா ஆவும் டீச்சரம்மா?"
"என் படிப்பு அவ்ளோதான்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

17.2.79, சனி
அடியில் நாலு டிகிரி ஜாஸ்தி! வெப்பமானி நனைந்தே வந்தது. வெந்நீர் ஊற்று! வேடியப்பன் துண்டை உதறிக்கொண்டு ஊரைக் கூட்டப் போனார். நான் சென்னைக்கு, ஆய்வு வழிகாட்டி சக்கரபாணி சாருக்குத் தந்தி அடித்தேன். தங்கம்மாள் மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

18.2.79
சூடு பாதி இறங்கிவிட்டது. வெப்பமானியில் ஏதோ ஒட்டியிருந்தது - வெந்த வேப்பிலை. இருநூறு அடிக்குக் கீழே எந்த மரம்?

தங்கம்மாளைப் பார்த்தேன். "ரெண்டு கொடம் சுடுதண்ணிதாங்க ஊத்தனேன். நீங்க அழுதுடுவீங்க போல இருந்துச்சு. குளிக்கக் காச்சற பழக்கத்துல வேப்பிலையும் போட்டுட்டேன்."

ரோட்டுக் குழாயிலிருந்து ஒரு மைல் சுமந்த தண்ணீர். வேடியப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நெசமா சூடே இல்லீங்களா?" என்றாள் தங்கம்மாள்.
"இல்ல."
"பூமிக்குக் காச்சல் இல்லன்னா நல்லதுதானே டீச்சரம்மா?"

19.2.79
இரண்டாம் தந்தி: ஊற்று இல்லை. வேப்பிலை. கடிதம் வருகிறது.

4.3.79
தங்கம்மாள் கேட்டது மண்டையை விட்டுப் போகவில்லை. பூமியின் பாறைத் தட்டுகள் முட்டிக்கொண்டு சூடு கிளப்பும் ஓரங்கள் எங்கேயோ இருக்கின்றன. இது இருநூற்றைம்பது கோடி வருடப் பாறை. கொதித்து, ஆறி, அடங்கிவிட்டது. அதை எழுதினால் என்ன? இல்லாத சூட்டைத் தேடி ஏன் அழ வேண்டும்? முதல் பக்கத்திலிருந்து மாற்றுகிறேன்.

28.3.79
ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். கை வலி.

9.11.79, வெள்ளி
வாய்மொழித் தேர்வு. "ஆக, முடிவு என்னம்மா?"
"காய்ச்சல் இல்லை, சார்."
சிரித்தார்கள். பட்டம் உண்டு என்றும் சொன்னார்கள்.

11.11.79
பஸ்ஸில் இரண்டு குடம் தண்ணீரோடு ஏறினேன். கண்டக்டர் முறைத்தார். பாதி என் புடவையில். மீதியைத் தங்கம்மாள் வாசலில் இறக்கினேன்.

"எதுக்குங்க இது?"
"உன் தண்ணியத் திருப்பிக் குடுக்கறேன்."

விரலை விட்டுப் பார்த்தாள். "சுடலியே டீச்சரம்மா."