கணக்கில் சேராத இடி

மட்டாஞ்சேரி,
துலா (ஐப்பசி) மாதம், வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி சங்கர்ராமுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சௌக்கியம். அதிதியும் சௌக்கியம் என்று எழுத மனம் வரவில்லை. ஜெர்மனியில் நீயும் உன் கம்ப்யூட்டர் மாடலும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

மே மாத லீவில் வந்து நம் சந்து முழுக்க வீட்டுக்கொரு வைஃபை பெட்டி மாட்டிவிட்டுப் போனாயே, சிக்னல் வீட்டுக்கு வீடு தாவி வரும், ஒன்று கெட்டால் இன்னொன்று வழியாகச் சுற்றி வந்துவிடும், எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாயிற்று, அறுந்துபோக வாய்ப்பே இல்லை என்று அப்பாவை உட்கார வைத்துப் பிரசங்கம் செய்தாய். அதை நம்பித்தான் உன் தங்கை ஆன்லைன் இன்டர்வியூவுக்கு இடப்பள்ளியில் சிநேகிதி வீட்டுக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்தாள். பாதியில் இடி. சந்தில் அத்தனை பேரும் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். எதிர்வீட்டு சீனியம்மாளைக் கேட்டால், இடி வெட்டறச்சே போட்டு வெச்சா கரிஞ்சு போகாதா மாமி, உங்க பையன் தந்த சாமானாச்சேன்னு டிவிக்கு முன்னாடி அதைத்தான் கழட்டினேன் என்கிறாள். அதிதிக்காக நான் காவல் இருந்ததால் நம் பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு எரிந்தது, அதோடு பேசத்தான் இன்னொரு பெட்டி இல்லை.

அதிதி அழுதுகொண்டே உன்னைப் போனில் கூப்பிட்டால், உன் லேப்டாப்பைப் பார், என் மாடல்படி இப்படி நடக்காது என்றாயாம். ரொம்ப அழகு. உன் கணக்கில் சுவரைச் சேர்த்தாய், மழையைச் சேர்த்தாய், இஞ்சிக் கிடங்கின் தகரக் கூரையைக்கூடச் சேர்த்தாய். பெட்டிகள் ஒவ்வொன்றாகத்தான் கெடும் என்று உனக்கு யார் சொன்னது? இங்கே துலா மாதத்தில் சாயங்காலமானால் இடிதான், எல்லாம் மொத்தமாகக் கெடும். வேறொருவன் என்றால் ஊர் தெரியாதவன் என்று விட்டிருப்பேன். இடிச் சத்தம் கேட்டதும் எச்சில் கையோடு ஓடி டிவி பிளக்கைப் பிடுங்கினவன் நீ. அந்த அவசரத்தில் உன்னிடம் அடி வாங்காத சுவிட்ச் போர்டு இந்த வீட்டில் இல்லை. உன் பேராசிரியருக்கு இதையும் எழுதிக் காட்டு, இவ்வளவு படித்தும் சொந்த வீட்டை மறந்தவனை அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. அதிதி உன் பேரை எடுப்பதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், அந்த ஆசையில் எனக்குக் குறைவில்லை. இது கையில் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். இங்கே மத்தியானம் மூன்று மணிக்குள் கூப்பிடு. அதற்குமேல் வானம் இருண்டால் நம் பெட்டியை நானே பிடுங்கிவிடுவேன்.

ஆசீர்வாதமும் கோபமும் குறையாத
அம்மா காமாக்ஷி