துரை ஏறிப்போன கூட்ஸ் வண்டி

அக்கா,

நேற்று என் மருமகளை ஒரு பூனைக்குட்டி பிறாண்டிவிட்டது. மீஞ்சூரில் அவளுடைய ஆபீஸ் வாசலில் கத்திக்கொண்டிருந்ததாம், பாவம் என்று தூக்கப்போயிருக்கிறாள். "சின்னக் கீறல்தானே அத்தை" என்றவளை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் அவள் புஜத்தில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது. புடவைக்கு மேலே தொப்புளைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஊசியைப் போட்டாள், அடுத்தது எப்போது என்று சொன்னாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். கையில் போடுகிறார்கள் அக்கா. வலிக்கவே இல்லையாம். மருமகள் வெளியே வந்து டீ குடித்தாள்.

இதை உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வந்தும் எனக்குள் ஒன்றும் ஆகவில்லை. உன் காரியமெல்லாம் முடிந்தும் எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. இவளுக்கு நெஞ்சு கல்லா என்பதுபோல் சில பேர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவர்களுக்கு என்ன தெரியும் நம்மைப் பற்றி.

நான் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் உனக்கும் எனக்கும் நடுவே ஒரே சுவர். வந்த அன்றைக்கே உன் பூனை என் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தது. சாம்பல் கண், வெள்ளை உடம்பு. வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறான் என்று அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாய். "தொரைக்கு மீனு வேணுமாம், உங்க ஊட்ல இன்னா கொயம்பு?" என்றுதான் நீ என்னிடம் முதல் பேச்சுப் பேசினாய். உனக்குக் கல்யாணமாகி வெகு காலம் ஆகியும் குழந்தை இல்லை என்பதை அப்புறம் மற்றவர்கள் சொன்னார்கள். நீ சொல்லவே இல்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. கம்பெனிகள் வரப்போகின்றன என்று சுற்றியிருந்த புதர்க்காட்டையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நம் வீட்டு ஆண்களுக்கு வேலை கிடைக்கும் என்று நமக்குச் சந்தோஷம். காட்டில் இருந்த நரிகளுக்குப் போக்கிடம் இல்லாமல் போனதைப் பற்றி யார் நினைத்தார்கள்? அவை லைன் வீட்டுக் கோழிகளைத் தேடி வர ஆரம்பித்தன. ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் கோழிக்கூடை பக்கம் பெரிய கூச்சல். நாம் இருவரும் ஓடிப்போனபோது துரை ஒரு நரியோடு கட்டிப் புரண்டுகொண்டிருந்தான். நீ விறகுக்கட்டையை வீசினாய். நரி ஓடாமல் நின்று நம்மைப் பார்த்தது, வாயில் நுரை ஒழுக. பிறகு தள்ளாடிக்கொண்டு போனது. துரையின் கழுத்தில் பல் பட்டிருந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டாய். கோழியைக் காப்பாற்றினான் என்று ஊரெல்லாம் பெருமை பேசினாய்.

புண் ஆறிவிட்டது. நீயும் அந்தச் சமயத்தில்தான் முழுகாமல் இருந்தாய். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. உன் மாமியார் உன்னைத் தண்ணீர்க்குடம்கூடத் தூக்க விடவில்லை. அந்த அம்மா வாய்தான் கொடுமை, உன் மேல் உயிர்.

பிறகு துரை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிய ஆரம்பித்தான். பால் வைத்தால் வரவில்லை. எலிப்பாஷாணம் தின்றுவிட்டானோ என்று பயந்தாய். "டேய் தொரை, வாடா, இன்னாடா ஆச்சு ஒனக்கு" என்று கையை நீட்டினாய். அவன் போட்ட சத்தம் பூனைச் சத்தமாகவே இல்லை. உன் கட்டைவிரலைக் கடித்த பிடியை விடவில்லை. பிரித்துவிடப் போன என் முழங்கையில் நகத்தாலும் பல்லாலும் இழுத்துவிட்டான். உன் மாமியார் நம் இருவருக்கும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் குழைத்து அப்பினார். உயிர் போகிற எரிச்சல்.

அக்கம்பக்கத்தில் ஒருவர் கட்டையால் அடித்துப் போட்டுவிடலாம் என்றார். உன் மாமியார் குறுக்கே வந்து நின்றுவிட்டார். "புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்ல பூனைய அடிக்கிறதா? பொன்னுல பூன செஞ்சு தானம் குடுத்தாலும் தீராத பாவம் அது." நம் பக்கத்தில் வேண்டாத பூனையை யாரும் கொல்வதில்லை. கோணியில் கட்டி ஏரிக்கு அந்தாண்ட கொண்டுபோய் விடுவார்கள். உன் வீட்டுக்காரர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கு ஏரியைவிடச் சுலபமான வழி இருந்தது. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு துரையைப் பிடித்துக் கோணியில் போட்டு, கோணி வாயைத் தளரக் கட்டி, ஆந்திரா பக்கம் போகிற கூட்ஸில் காலி வேகன் ஒன்றில் ஏற்றிவிட்டார். ஆரம்பாக்கம் எல்லையைத் தாண்டிவிட்டால் அவன் திரும்பி வர வழியில்லை. உன் மாமியார் வாசலில் தண்ணீர் தெளித்து, சனியன் விட்டது என்றார். பாவமும் வரவில்லை, பூனையும் போய்விட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் எங்கள் அம்மாவும் பூனையைக் கொல்ல விட்டிருக்கமாட்டாள்.

உன் விரல் வீங்கி வலி தாங்காமல் மறுநாள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா முதலில் கேட்டது இதுதான்.

"பூனை எங்கே?"

"கூட்ஸ்ல ஏத்தி அனுப்பிட்டோம்மா" என்றாய் நீ.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கூண்டுல அடைச்சு வெச்சிருந்தா பத்து நாள்ல தெரிஞ்சிருக்கும். செத்திருந்தாலும் தலைய சோதிச்சுப் பாத்திருப்போம். நரி கடிச்ச பூனைன்னு வேற சொல்றீங்க. இனிமே எதுவும் தெரியாது. ரெண்டு பேரும் ஊசி போட்டாகணும்." சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்று கேட்டார். சுண்ணாம்பு மிளகாய்ப்பொடி கதையைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தினமும் ஒன்று, பதினாலு ஊசி. தொப்புளைச் சுற்றி. வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் மாமியார் தலைவிரி கோலமாக உட்கார்ந்துவிட்டார். "இத்தினி வருசம் கயிச்சு ஒண்ணு தங்கியிருக்குது. வயித்துல ஊசி குத்தினா அது நிக்குமா? நாய் கடிச்சாத்தான் ஊசி. பூன கடிக்கு எவன்டி ஊசி போட்டுக்கினான்?" உன் வீட்டுக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். நீ சுவரில் சாய்ந்து நின்றாய். அழவில்லை. உன் குரல்கூட ஏறவில்லை.

"கோணில கட்டி அனுப்பினது நீங்க. குத்திக்கப் போறது நானு. தோலுக்குக் கீயதான் போவுமாம், புள்ள கிட்ட போவாதாம். நான் செத்தா அதுவும் சேந்துதான் சாவும். பேசாத இருங்க அத்தை."

அந்த வீட்டில் நீ எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

காலை பாசஞ்சரில் போய் மத்தியானம் திரும்புவோம். உன் வயிற்றில் இடம் தேடித்தேடிப் போட்டார்கள். கட்டிகட்டியாக வீங்கிவிடும். நீ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய், ஊசி இறங்கும்போது உன் கை வயிற்றின் அடிப்பக்கத்தை மூடிக்கொண்டிருக்கும். எனக்கு உன்னைப் பார்க்கச் சகிக்காது. ஒருநாள் வராந்தாவில் ஓர் ஆளைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தார்கள். அவர் மனைவி டம்ளரில் தண்ணீரைக் கொண்டுவந்தாள். அவ்வளவுதான். அதைக் கண்டதும் அந்த ஆளின் தொண்டை இழுத்துக்கொண்டு உடம்பே தூக்கிப்போட்டது. தாகம், ஆனால் குடிக்க முடியவில்லை. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்தக் கட்டில் காலியாக இருந்தது.

அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று நம் ஸ்டேஷனில் இறங்கியதும் நேரே குழாயடிக்குப் போனாய். கையை ஏந்திக் குடித்தாய். குடித்துவிட்டு, "எறங்கிச்சு. பாத்தியா?" என்றாய். பார்த்தேன் என்றேன். "இப்ப நீ குடி, நான் பாக்கறேன்." குடித்தேன். நீ என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் தினமும் காலையில் எழுந்ததும் சுவரைத் தட்டுவாய். இரண்டு பேரும் டம்ளரோடு கொல்லைப்பக்கம் வருவோம்.

ஊசியெல்லாம் முடிந்தது. ஆனால் குழாயடிப் பெண்கள் விடுவார்களா? அந்த விஷம் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்து எப்போது வேண்டுமானாலும் கிளம்பும் என்றார்கள். பிறக்கிற பிள்ளை பூனை மாதிரிக் கத்தும் என்றும் ஒருத்தி சொன்னாள். நான் அவளோடு சண்டைக்குப் போனேன், நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாய். பூனை இருந்திருந்தால் பத்தே நாளில் தெரிந்திருக்கும். அது இல்லாததால் நமக்குத் தெரியாமலே போயிற்று. உன் வீட்டுக்காரர் வடக்கேயிருந்து வருகிற லோடு ஆட்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். கோணியையும் பார்க்கவில்லை, பூனையையும் பார்க்கவில்லை என்றார்கள். "எந்த ஊர்ல எறங்கிச்சோ, அங்க யாரக் கடிச்சுதோ" என்று நீ சொன்னாய். அந்த நாட்களில் நீ அழுதது அதற்கு மட்டும்தான்.

குழந்தை பிறந்தபோது நான் உன் பக்கத்தில் இருந்தேன். முதல் அழுகை மெலிசாக, இழுத்து இழுத்து வந்தது. உன் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா சத்தம்டி அது?" "கொயந்த சத்தம்தான்க்கா, எல்லாம் இப்டித்தான் கத்தும்." நீ நம்பவில்லை. கைநீட்டி வாங்கவும் இல்லை. நான்தான் தூக்கி உன் மார்பில் வைத்தேன். அது சப்பியது, விழுங்கியது. நீ குனிந்து அந்தச் சின்னத் தொண்டையைப் பார்த்தாய். "எறங்குதுடி" என்றாய். அப்புறம்தான் அதைக் கட்டிக்கொண்டாய்.

லைன் வீடுகளை இடித்தபோதும் நாம் பக்கத்துப் பக்கத்து மனைதான் வாங்கினோம். காட்டு இடமெல்லாம் கம்பெனிகள் ஆயின, நரி என்றால் படத்தில்தான் என்று ஆயிற்று. உன் மாமியார் போனார், உன் வீட்டுக்காரர் போனார், என் வீட்டுக்காரரும் போனார். காலையில் டம்ளரோடு வருவது மட்டும் நிற்கவில்லை. பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவர்களுக்கு நாம் காரணம் சொன்னதில்லை. ஊசி போட்டாயிற்று, இத்தனை வருஷமும் ஓடிவிட்டது, இனி என்ன பயம் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சரிதான், குடி, பாக்கறேன்" என்பாய்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உன் மகள் ஸ்பூனால் தண்ணீர் வைத்தாள். வாயோரமாக வழிந்துவிட்டது. இன்னொரு ஸ்பூன். அதுவும் வழிந்தது. டாக்டரைத் தேடிப் போய்ப் பிடித்தேன். "சார், சின்ன வயசுல ஒரு பூனை கடிச்சுது. நரி கடிச்ச பூனை. அதுதானா இது?" அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை, அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். "இல்லம்மா. மூளையில ரத்தம் கட்டியிருக்கு, அதனால முழுங்க முடியல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார்.

திரும்பி வந்து உன் காதருகே குனிந்தேன். "அது இல்லையாம்க்கா" என்றேன். "தொரை ஒண்ணும் பண்ணலையாம்." நீ கேட்டாயா என்று தெரியவில்லை. கண் பாதி மூடியிருந்தது. நம் இருவருக்கும் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலிருந்த ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டது. அதைக் கேட்டுக்கொள்ள நீ அங்கே இல்லை. அன்று சாயங்காலம் போய்விட்டாய். பால் ஊற்றச் சொன்னார்கள். அது இறங்காமல் வழிவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அதை எல்லோரும் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்று காலையும் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். உன் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. நின்று குடித்தேன். இறங்கியது, அக்கா. இறங்கிவிட்டது என்று யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.