படிக்காமல் எழுதிய கேரள வரலாறு

கரமனை
மார்ச் 19

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதுவது. நான் சுகம். அங்கே வெயில் தொடங்கிவிட்டதா? தாணுமாலையன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் உங்கள் அறையில் எட்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கும் வாய் வராது.

திங்கட்கிழமை பரீட்சை எப்படி என்று கேட்டீர்கள். "கொழப்பமில்ல" என்றேன். அது பொய். டிகிரிப் பரீட்சையில் கேரள வரலாறு ஒன்றுதான் பாக்கி இருந்தது, அதற்கு நான் ஒரு பக்கம்கூடத் திருப்பிப் பார்க்காமல் போனேன்.

பத்து நாள் இடைவெளி இருந்தது. வருஷம் முழுக்கத் தொடாத புத்தகத்தை அந்தப் பத்து நாளில் படித்துவிடலாம் என்றுதான் சாலை பஜார் கடை வேலைக்கு லீவு சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு மாடம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது. மூன்று வாரம் முன்னதாகவே. அவள் வீட்டுக்காரர் பிச்சைக்கனி பொன்முடியில் கட்டட வேலைக்குப் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. அவளுக்கு அம்மாவும் இல்லை. ஆட்டோ பிடித்து நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அதே ஆஸ்பத்திரி, அத்தான். நான்கு வருஷமாக அந்த வழியாகப் போகும் பஸ்ஸில்கூட நான் ஏறியதில்லை, உங்களுக்குத் தெரியும். வாசலில் அவளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையை விடவில்லை.

குழந்தைக்குத் துணி கொண்டுவரச் சொன்னார்கள். அவள் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். நம் பிள்ளைக்கென்று வாங்கித் துவைத்து மடித்து வைத்த வெள்ளைத் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடு என்று அன்றைக்கே சொன்னீர்கள். கொடுத்துவிட்டேன் என்றேன். கொடுக்கவில்லை, என் சேலைகளுக்கு அடியில்தான் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போனேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன்.

மத்தியானம் நர்ஸ் கதவைத் திறந்து, "மாடம்மாளின்டெ கூடெ ஆராணு?" என்றாள். கூட வந்தது நான்தான் என்று எழுந்து நின்றேன். பெண் குழந்தை, இரண்டே கால் கிலோ. அந்தத் துணியில் சுற்றி என் கையில்தான் முதலில் தந்தார்கள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை. அது கொட்டாவி விட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிச்சைக்கனி மறுநாள் வந்துவிட்டார். ஆனால் அந்த வார்டில் பெண்கள்தான் கூட இருக்கலாம். மாடம்மாளுக்கு பிரஷர் இறங்கவில்லை, மேலும் ஆறு நாள் வைத்திருந்தார்கள். புத்தகத்தைக் கொண்டு போயிருந்தேன். மின்விசிறி எட்டாத மூலையில் கட்டில். புத்தகம் அவளுக்கு விசிறத்தான் உதவியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களை வீட்டில் கொண்டுவந்து விட்டேன். தலை குளித்துப் படுத்தவள் காலையில்தான் எழுந்தேன். பரீட்சைக்குப் போகவே வேண்டாம் என்று தோன்றியது. அப்புறம் உங்களை நினைத்தேன். பிள்ளை போன பிறகு மூன்று மாதம் நான் யாரோடும் பேசாமல் கிடந்தபோது, நீங்கள் இந்தத் தபால் வழிப் படிப்புக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்து, "செல்வி, இத நெரப்பித் தா, நாளைக்குத்தான் கடைசி நாளு" என்றீர்கள். நீங்களும் அன்றைக்குச் சாப்பிட்டிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அதனால் போனேன்.

கேள்வித்தாளைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. கால் மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கண்காணிக்க வந்த மிஸ், என்னைவிடச் சின்னவள், பக்கத்தில் வந்து மெதுவாக, "சேச்சி, அறியாவுன்னது எழுதிக்கோளூ" என்றாள். சரி, தெரிந்ததை எழுதுவோம் என்று தொடங்கினேன். வெள்ளைக்காரனை எதிர்த்துத் தளவாய் விட்ட குண்டறை விளம்பரம் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம் நினைவிருந்தது, ஆண்டு மட்டும் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு எழுதினேன். கடைசி வரை அது காலியாகவே இருந்தது. இரண்டு பெரிய கேள்விகளைத் தொடவே இல்லை. மணி அடிக்கும் வரை எழுந்திருக்காமல் இருந்தேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பாஸ் ஆவேனா என்று தெரியவில்லை. ஆகாவிட்டால் சப்ளிமென்டரி பரீட்சை எழுதுவேன், அந்தத் தடவை படித்துவிட்டு. உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. மாடம்மாளை டிஸ்சார்ஜ் செய்த அன்று, நம்மை அப்போது பார்த்த அனந்தலக்ஷ்மி டாக்டர் வராந்தாவில் எதிரே வந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் வா, பேசலாம் என்றார். முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். வருகிறேன் டாக்டர் என்று சொல்லிவிட்டேன்.

ஓணத்துக்கு ஊருக்கு வரக் கேட்கப் போவதாகச் சொன்னீர்களே. பத்து நாள் லீவு கேட்காதீர்கள், அத்தான். இரண்டு மாதம் கேளுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். இசக்கியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
செல்வி